ரோமாபுரியில் முதல் அடி அடித்தது யார்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட வரலாற்று வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஊரில் கலவரம் நடந்து முடிந்தால் மறுநாள் எல்லார் வாயிலும் ஒரே சொல்தான் வருகிறது: கும்பல். கும்பல் கல்லெறிந்தது, கும்பல் தீ வைத்தது, கும்பல் அடித்துக் கொன்றது. இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் விசாரணையே முடிந்து போகிறது. கும்பலுக்குப் பெயர் கிடையாது, தெரு கிடையாது, தாய் தகப்பன் கிடையாது. அந்தக் கூட்டத்தைக் கூட்டியவன் யார், மேடையில் நின்றவன் யார், முதல் அடியை அடித்தவன் யார் என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

உலகத்திலேயே அதிகம் பழி சுமந்த கும்பல் ரோமாபுரிக் கும்பல்தான். கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைப் பாடமாகப் படித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். புரூட்டஸ் பேசினால் அவன் பக்கம், அடுத்த நிமிடம் ஆண்டனி பேசினால் இவன் பக்கம் சாயும் மூளையில்லாத கூட்டம் ஒன்று அதில் வரும். படித்தவர்கள் மனதில் தங்கிவிட்ட சித்திரம் அதுதான்.

அந்தச் சித்திரம் சரிதானா என்று பார்க்கலாம். நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சிகள் சிசரோ, அஸ்கோனியஸ், புளூட்டார்க், டாசிட்டஸ் போன்றவர்கள். எல்லாரும் படிப்பும் வசதியும் உள்ள மேல்தட்டுக்காரர்கள். கூட்டத்தில் நின்ற ஒருவன் எழுதிய ஒரு பக்கம்கூட நம் கைக்கு வரவில்லை. எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டே வழக்கை நடத்த வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, அந்த வாக்குமூலமே போதும்!

கேட்கலாம், பேசக் கூடாது

ரோமாபுரியின் நடுவே ஃபோரம் என்றொரு திடல். வழக்கு மன்றம், கோயில், வட்டிக்கடை, அரசியல் மேடை எல்லாம் அங்கேதான். மேடைக்கு ரோஸ்ட்ரா என்று பெயர். கி.மு. 338-இல் ஆன்ட்டியம் என்ற கடற்கரை ஊரை அடக்கியபோது, பிடிபட்ட கப்பல்களின் முன்மூக்குகளை அறுத்து வந்து அந்த மேடையின் முகப்பில் பதித்தார்கள். அதனால் வந்த பெயர்.

அந்த மேடைக்கு முன்னால் கூடும் பொதுக்கூட்டத்துக்கு கான்டியோ என்று பெயர். நினைத்தவரெல்லாம் அதைக் கூட்டிவிட முடியாது. பதவியில் இருக்கும் அதிகாரி கூட்ட வேண்டும். அவர் பேசலாம், அவர் யாரை மேடைக்கு அழைக்கிறாரோ அவர் பேசலாம். கீழே நிற்கிற குடிமகனுக்குப் பேச்சு கிடையாது. அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பும் கிடையாது. அவனால் முடிந்தது ஒன்றே ஒன்று, சத்தம் போடுவது.

கி.மு. 67-இல் கடற்கொள்ளையர்களை ஒடுக்க பாம்பே என்ற தளபதிக்கு அளவில்லாத அதிகாரம் கொடுக்கும் மசோதா வந்தது. கப்பலில் தானியம் வராமல் நகரம் பசியில் இருந்த நேரம் அது. ரோஸியஸ் என்பவர் எழுந்தார். இரைச்சலில் அவர் குரல் எடுபடவில்லை. ஒருவரிடம் இவ்வளவு அதிகாரம் வேண்டாம், இருவராக இருக்கட்டும் என்பதற்காக இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அதற்கு மக்கள் போட்ட கூச்சலில் மேலே பறந்துகொண்டிருந்த காகம் ஒன்று மயங்கிக் கூட்டத்துக்குள் விழுந்தது என்று புளூட்டார்க் எழுதுகிறார். காகம் விழுந்ததோ இல்லையோ, வாய்ப்பூட்டு போடப்பட்டவனின் தொண்டை எவ்வளவு பெரிதாகிவிடும் என்பது தெரிகிறதல்லவா?

வாக்களிப்பதற்குத் தனிக் கூட்டம் உண்டு. கொமிட்டியா என்பார்கள். அதிலும் ஆளுக்கொரு வாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். குழுவுக்கு ஒரு வாக்கு. கான்சல் என்ற தலைமை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் மொத்தம் 193 குழுக்கள். பழைய ஏற்பாட்டில் குதிரைப்படைச் செல்வந்தர்களுக்கு 18, முதல் வகுப்புச் சொத்துக்காரர்களுக்கு 80, ஆக 98. பாதிக்கு மேல் அங்கேயே முடிந்தது! சொத்தே இல்லாத ஏழைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழு. பிறகு இந்தக் கணக்கைச் சிறிது திருத்தினார்கள். ஏழைகளின் நிலை திருந்தவில்லை. சட்டம் இயற்றும் இன்னொரு கூட்டத்தில் 35 குலங்கள். அதில் ரோம் நகரத்துக்கு நான்குதான், மற்ற 31-உம் நாட்டுப்புறத்துக்கு. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் எங்குமே வாக்கு இல்லை.

கி.மு. 70-இல் எடுத்த கணக்கெடுப்பில் ரோமக் குடிமக்கள் சுமார் 9 லட்சம் பேர். ஃபோரம் திடலில் எவ்வளவு நெருக்கி நின்றாலும் இருபதாயிரம் பேருக்கு மேல் நிற்க முடியாது என்று இன்றைய ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். தூரத்து ஊர்க்காரன் வேலையைப் போட்டுவிட்டு நடந்து வருவானா? கூப்பிட்ட நேரத்தில் வந்து நிற்கக்கூடியவன் பக்கத்துத் தெருவில் செருப்புத் தைத்துக்கொண்டிருப்பவனும், ரொட்டி சுடுகிறவனும், சிறு கடை வைத்திருப்பவனும்தான். ரோமாபுரிக் கும்பல் என்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறவர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். வணிகப் பெருமக்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய நகரத்தில் காவல்துறையே கிடையாது. நகர எல்லைக்குள் படை வரக் கூடாது என்பது மரபு. கான்சலுக்கு முன்னால் கழிகளைக் கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு ஏவலர்கள் நடப்பார்கள். அந்தக் கட்டைப் பார்த்து மக்கள் வழிவிட வேண்டும், அவ்வளவுதான். நாடே மரியாதையின் மேல் நின்றுகொண்டிருந்தது.

கல்லெடுக்காமல் பெற்ற உரிமை

ஏழை மக்கள் ஆதியிலிருந்தே அடிதடிக்காரர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரோமர்களின் மரபு வரலாற்றின்படி கி.மு. 494-இல் கடன் கொடுமை தாங்காமல் சாதாரண மக்கள் செய்த முதல் போராட்டம் என்ன தெரியுமா? ஊரைக் காலி செய்துவிட்டு வெளியே ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். உழைக்க ஆள் இல்லை, படைக்கு ஆள் இல்லை. பிரபுக்கள் இறங்கி வந்தார்கள். டிரிப்யூன் என்ற மக்கள் பிரதிநிதிப் பதவி அப்படிப் பிறந்தது. டிரிப்யூன் எதிர்த்தால் எந்த உத்தரவும் நிற்கும். அவர் மேல் கை வைப்பது மதக் குற்றம். கி.மு. 287-இல் மறுபடியும் ஊரைவிட்டு வெளியேறினார்கள். மக்கள் கூட்டம் போடும் சட்டம் எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்று ஆயிற்று. மன்னராட்சி ஒழிந்து 370 ஆண்டுகளுக்கு மேல், உள்நாட்டு அரசியல் சண்டை எதுவும் குடிமக்களின் ரத்தத்தில் முடிந்ததில்லை என்று புளூட்டார்க்கே சொல்கிறார்.

அப்படியானால் அந்த வழக்கத்தை உடைத்தது யார்?

பெஞ்சுக் கால்கள்

கி.மு. 133. டைபீரியஸ் கிராக்கஸ் என்ற இளைஞர் டிரிப்யூனாக வருகிறார். பெரிய குடும்பத்துப் பிள்ளை. அரசு நிலத்தைப் பணக்காரர்கள் வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு 500 யூகெரா, நம் கணக்கில் சுமார் 310 ஏக்கர், அதற்கு மேல் வைத்திருப்பதை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். ஆக்டேவியஸ் என்ற சக டிரிப்யூனைக் கொண்டு பணக்காரர்கள் அதைத் தடுத்தார்கள். டைபீரியஸ் மக்களிடம் வாக்கெடுத்து ஆக்டேவியஸின் பதவியையே பறித்தார். இது முறையா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கலாம். பதவிக்காலம் முடிந்தால் தன்னை விடமாட்டார்கள் என்று பயந்து அடுத்த ஆண்டுக்கும் போட்டியிட்டார். அதுவும் வழக்கத்தில் இல்லாதது. தவறுகள் அவர் பக்கமும் இருந்தன. ஆனால் அவர் செய்ததெல்லாம் வாக்கெடுப்பின் மூலம் செய்தது.

தேர்தல் நாளில் காபிடோல் குன்றில் கோயிலுக்கு முன்னால் மக்கள் கூடியிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு கோயிலில் செனட் சபை கூடியிருந்தது. ஆபத்து என்று செய்தி வந்தது. இரைச்சலில் பேச முடியாமல் டைபீரியஸ் தன் தலையில் கை வைத்துக் காட்டினார்: என் உயிருக்கு ஆபத்து என்று பொருள். அதைப் பார்த்தவர்கள் செனட்டுக்கு ஓடினார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா? தலைக்குக் கிரீடம் கேட்கிறான் என்றார்கள்!

கான்சல் ஸ்கேவோலா நிதானமானவர். நான் பலாத்காரத்தைத் தொடங்கமாட்டேன், விசாரணை இல்லாமல் எந்தக் குடிமகனையும் கொல்லமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அப்போது எழுந்தவர் ஸிபியோ நாஸிகா. அவர் யார்? நாட்டின் தலைமைப் பூசாரி! நாட்டைக் காக்க நினைப்பவர்கள் என் பின்னால் வாருங்கள் என்று மேலாடையைத் தலையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். செனட்டர்கள் ஆடையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். அவர்களுடைய ஆட்கள் தடிகளைக் கொண்டு வந்திருந்தார்கள். செனட்டர்கள், உடைந்து கிடந்த பெஞ்சுகளின் கால்களை எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் என்ன செய்தது? எதிர்த்து நின்றதா? இல்லை சகோதரர்களே! வருகிறவர்கள் பெரிய மனிதர்கள் என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. அந்த வழியில் புகுந்துதான் அடித்தார்கள். ஓடிய டைபீரியஸ் கீழே கிடந்தவர்கள் மேல் தடுக்கி விழுந்தார். அவர் தலையில் பெஞ்சுக் காலால் முதலில் அடித்தவர் சாட்டூரியஸ். அவரும் ஒரு டிரிப்யூன். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒருவர் உடம்பிலும் இரும்புக் காயம் இல்லை, எல்லாம் கட்டையும் கல்லும் என்கிறார் புளூட்டார்க். தம்பி வந்து கெஞ்சியும் பிணத்தைக் கொடுக்காமல் இரவோடு இரவாக டைபர் நதியில் எறிந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கொடுமையாகப் படுகிறது. மறு ஆண்டில் விசாரணை மன்றம் அமைத்தார்கள். கொலை செய்தவர்களை விசாரிக்கவா? செத்தவரின் ஆதரவாளர்களை விசாரிக்க! பலரை நாடு கடத்தினார்கள், பலரைக் கொன்றார்கள். நாஸிகாவை மக்கள் தெருவில் திட்டுகிறார்கள் என்பதற்காக ஆசியாவுக்குத் தூது அனுப்பி வைத்தார்கள். அவர் பெர்கமம் நகரத்தில் படுக்கையில் செத்தார்.

ஒற்றுமைக் கோயில்

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. தம்பி கேயஸ் கிராக்கஸ் இரண்டு முறை டிரிப்யூனாக இருந்து, நகர மக்களுக்கு நிலையான மலிவு விலையில் தானியம் கிடைக்கச் சட்டம் செய்தவர். கி.மு. 121-இல் பதவி முடிந்து நின்றபோது கான்சல் ஒப்பிமியஸ் அவருடைய சட்டங்களை ஒவ்வொன்றாக ரத்து செய்யத் தொடங்கினார். மோதல் சூழ்ந்த காலையில் ஒப்பிமியஸின் ஆள் ஒருவன், ஆன்டிலியஸ் என்று பெயர், கேயஸின் ஆட்களைப் பார்த்து இழிவாகப் பேசினான். அவர்கள் கையிலிருந்த எழுத்தாணிகளால் அவனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள்.

இங்கே முதல் அடி நம் இரக்கத்துக்குரிய தரப்பிலிருந்து வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. கேயஸ் தன் ஆட்களைக் கடிந்துகொண்டார்: காத்துக்கொண்டிருந்த எதிரிக்குச் சாக்கை நீங்களே கொடுத்துவிட்டீர்களே என்றார். ஒப்பிமியஸ் மகிழ்ந்துபோனார். எவனோ ஓர் ஏவலாளின் பிணத்தைப் பாடையில் வைத்து ஒப்பாரியோடு செனட் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். செனட்டர்கள் வெளியே வந்து கண்ணீர் வடித்தார்கள். டைபீரியஸின் பிணத்தை ஆற்றில் எறிந்த அதே கைகள்!

குடியரசுக்குத் தீங்கு வராமல் கான்சல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று செனட் ஒரு தீர்மானம் போட்டது. ஒற்றை வரித் தீர்மானம். அதற்குப் பொருள், விசாரணை இல்லாமல் கொல்லலாம் என்பது. கூலிக்கு வந்த கிரீட் தீவு வில்லாளிகள் அவென்டைன் குன்றில் கூட்டத்தின் மேல் அம்பு எய்தார்கள். சமாதானம் பேச வந்த பதின்பருவச் சிறுவனையும் பிடித்துக் கொன்றார்கள். கேயஸின் தலைக்கு எடைக்கு எடை தங்கம் என்று அறிவித்திருந்தார்கள். கொண்டுவந்தவன் மூளையை எடுத்துவிட்டு ஈயத்தை ஊற்றி எடை கூட்டினானாம். செத்தவர்கள் 3000 பேர் என்பது புளூட்டார்க் தரும் கணக்கு. விதவைகள் துக்கம் காக்கவும் தடை.

இத்தனையும் செய்த ஒப்பிமியஸ் ஃபோரம் ஓரத்தில் ஒரு கோயில் கட்டினார். எந்தத் தெய்வத்துக்கு? கான்கார்டியா, ஒற்றுமைத் தெய்வத்துக்கு! வெறிபிடித்த பகை கட்டிய ஒற்றுமைக் கோயில் இது என்ற பொருளில் யாரோ ஒருவன் இரவில் வந்து அதன் மேல் எழுதிவிட்டுப் போனான். ரோமாபுரிக் கூட்டத்தின் குரல் அப்படியே நம் காதில் விழும் மிகச் சில இடங்களில் அது ஒன்று.

அடுத்த ஆண்டு ஒப்பிமியஸ் மேல் வழக்கு வந்தது. விடுதலை. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து, ஜுகுர்த்தா என்ற வட ஆப்பிரிக்க மன்னனிடம் லஞ்சம் வாங்கியதற்காகத் தண்டனை கிடைத்து நாடு கடந்து போனார். மூவாயிரம் உயிருக்குக் கிடைக்காத தண்டனை கைநீட்டிய காசுக்குக் கிடைத்தது!

பிறகு யாருக்கும் கை கூசவில்லை. கி.மு. 100-இல் சாட்டர்னைனஸ் என்ற டிரிப்யூனின் அடியாட்கள் கான்சல் தேர்தலில் நின்ற மெம்மியஸைத் தடியால் அடித்துக் கொன்றார்கள். சாட்டர்னைனஸ் சரணடைந்தார். செனட் மண்டபத்தில் அடைத்து வைத்திருந்தபோது எதிரிகள் கூரை மேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கி எறிந்தே அவரைத் தீர்த்தார்கள். கி.மு. 88-இல் ஸுல்லா என்ற தளபதி படையோடு நகரத்துக்குள் புகுந்தபோது மொட்டைக் கைகளாக நின்ற மக்கள் வீட்டுக் கூரைகளிலிருந்து ஓடுகளை எறிந்தார்கள். அவர் வீடுகளுக்குத் தீ வைக்கச் சொன்னார். கழிக்கட்டைப் பார்த்து வழிவிட்ட ஊர், ஐம்பது ஆண்டுக்குள் இந்த நிலைக்கு வந்துவிட்டது.

கடைகளை மூடு!

வணிகர்களே, இனி உங்கள் கதை.

ரோமில் கொலேஜியா என்ற சங்கங்கள் இருந்தன. ஒரே தொழில் செய்கிறவர்கள், ஒரே தெருவில் இருப்பவர்கள் சேர்ந்து வைத்துக்கொண்டவை. முச்சந்தியில் திருவிழா எடுக்கவும், கூடி உண்ணவும், செத்தால் அடக்கச் செலவுக்கும் அவை உதவின. ஏழையின் ஒரே ஆதரவு அது. அவற்றில் பலவற்றை கி.மு. 64-இல் செனட் தடை செய்தது. கி.மு. 58-இல் டிரிப்யூனாக வந்த குளோடியஸ் தடையை நீக்கினார், தானியத்தை இலவசமாக்கினார். நன்மைதான். ஆனால் கூடவே அந்தச் சங்கங்களைத் தெருத் தெருவாகப் படையணி போலத் திரட்டினார். கூட்டம் வேண்டும் என்றால் கடைகளை மூடச் சொல்வார். கடை மூடினால் கடைக்காரன் எங்கே போவான்? ஃபோரத்துக்குத்தான்!

சிசரோவைக் கவனியுங்கள். கி.மு. 63-இல் அவர் கான்சல். கட்டிலைன் என்பவனின் சதியை அடக்கக் கடைக்காரர்களின் ஆதரவு வேண்டியிருந்தது. அப்போது செனட்டில் அவர்களைப் புகழ்ந்தார்: இவர்கள் அமைதியை விரும்புகிறவர்கள், கடை அடைத்தாலே இவர்களுக்கு வரும்படி போய்விடும், கடை எரிந்தால் என்ன ஆவார்கள் என்று பரிந்து பேசினார். ஐந்து ஆண்டில் குளோடியஸ் அவரை நாடு கடத்தி, அவர் வீட்டை இடித்து, அந்த இடத்தில் சுதந்திர தேவிக்கு ஒரு சன்னதி வைத்தார். ஒப்பிமியஸுக்கு ஒற்றுமை, இவருக்குச் சுதந்திரம்! சிசரோ கி.மு. 57-இல் திரும்பி வந்தபோது அதே கடைக்காரர்களைப் பற்றிச் சொன்னதென்ன? கடைகளை மூடவைத்துத் திரட்டிய கூலிக் கூட்டம், இதற்கு மக்கள் என்று பெயரா என்றார். கடை அதேதான், கடைக்காரனும் அதே ஆள்தான். யார் பக்கம் நிற்கிறான் என்பது மட்டுமே மாறியது.

சிசரோவின் தரப்பும் சும்மா இருக்கவில்லை. மைலோ என்பவர் வாள்வீரர்களைக் கூலிக்குப் பிடித்து எதிர்ப்படை வைத்துக்கொண்டார். கி.மு. 56-இல் மைலோ மேல் நடந்த வழக்கில் பாம்பே பேச எழுந்தார். கூச்சலுக்கு நடுவே பேசி முடித்தார். பிறகு குளோடியஸ் மேடையிலிருந்து கேள்வி கேட்டார்: மக்களைப் பட்டினி போடுவது யார்? பாம்பே என்று அவர் கூட்டம் ஒரே குரலில் பதில் சொன்னது. சொல்லிக்கொடுத்த கேள்வி, சொல்லிக்கொடுத்த பதில். பிறகு காறித் துப்பல், பிறகு கைகலப்பு. குளோடியஸை மேடையிலிருந்து தள்ளிவிட்டார்கள். நானும் ஓடிவந்துவிட்டேன் என்று சிசரோ தம் தம்பிக்குக் கடிதம் எழுதுகிறார்.

கி.மு. 52 ஜனவரி 18. அப்பியன் சாலையில் போவில்லே என்ற ஊருக்கு அருகே இரண்டு தலைவர்களும் தற்செயலாக எதிரெதிரே வந்தார்கள். ஆட்களுக்குள் சண்டை. காயம்பட்ட குளோடியஸைப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் தூக்கிப் போனார்கள். மைலோவின் ஆட்கள் கடையைத் தாக்கி, அவரை வெளியே இழுத்துப்போட்டுக் கொன்றார்கள். குளோடியஸின் மரணத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அதே கடையில் இன்னொருவரும் செத்தார்: கடைக்காரர். அந்த ஊர் மக்கள் நீதிமன்றத்தில் வந்து, கடைக்காரரைக் கொன்றார்கள், கடையைச் சூறையாடினார்கள் என்று சாட்சி சொன்னதாக அஸ்கோனியஸ் குறித்து வைத்திருக்கிறார். அந்தச் சாட்சியத்தில் அவர் கடைக்காரர் மட்டும்தான், பெயர் இல்லை. அவர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. தன் கடையைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் ரோமில் குளோடியஸின் பிணத்தை செனட் மண்டபத்துக்குள் கொண்டுபோய், பெஞ்சுகளையும் மேசைகளையும் ஏடுகளையும் அடுக்கி எரித்தார்கள். மண்டபமும் சேர்ந்து எரிந்தது. இதைச் செய்தது கூட்டம்தான். நியாயப்படுத்த ஒன்றுமில்லை. விளைவு? பாம்பே தனியொரு கான்சலாக்கப்பட்டார். படை நகரத்துக்குள் வந்தது. ஏப்ரலில் மைலோவின் வழக்கு முடிந்த நாளில் ரோம் முழுவதும் கடைகள் அடைத்துக் கிடந்தன. நீதிமன்றத்தைச் சுற்றி வீரர்கள் நின்றார்கள். 51 நடுவர்களில் 38 பேர் குற்றவாளி என்றார்கள், 13 பேர் இல்லை என்றார்கள். மைலோ இன்றைய பிரான்சில் இருக்கும் மார்ஸேல்ஸ் நகரத்துக்குப் போனார். அன்று தடுமாறிப்போய்ச் சரியாகப் பேசாத சிசரோ, பேசியிருக்க வேண்டிய உரையைப் பிறகு அழகாக எழுதி அனுப்பினாராம். நீர் அன்றைக்கே இப்படிப் பேசியிருந்தால் இந்த ஊரின் அருமையான மீனைச் சாப்பிடும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காதே என்று மைலோ கேலி செய்ததாக ஒரு கதை உண்டு.

தலைவருக்கு மீன் கிடைத்தது. தொண்டர்களுக்கு? சாப்பாட்டுக் கடைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சாஃபேயஸ் என்பவனுக்காக வாதாடியவர்களில் சிசரோவும் ஒருவர். ஒரே ஒரு வாக்கில் விடுதலை. குளோடியஸின் பிணத்தைத் தூக்கிப்போனவருக்குப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தண்டனை. அந்த ஆண்டு தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குளோடியஸின் தரப்பினர் என்று அஸ்கோனியஸ் எழுதியிருக்கிறார்.

இளைஞர்களே, இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். 133, 121, 100, 52. ஒவ்வொரு முறையும் அழைப்பு மேலிருந்து வருகிறது. கடைசிப் பிணமும் கடைசித் தண்டனையும் கீழே விழுகின்றன.

பெயர் ஒற்றுமை

கி.மு. 44 மார்ச் 15-இல் சீசர் கொல்லப்பட்டார். நாடகத்தில் வரும் அந்த இறுதிச் சடங்கு உண்மையில் நடந்தது. ஃபோரத்திலேயே பெஞ்சுகளைப் போட்டு உடலை எரித்தார்கள். அதன் பிறகு கூட்டம் சதிகாரர்களைத் தேடிப் புறப்பட்டது. வழியில் ஹெல்வியஸ் சின்னா என்பவர் அகப்பட்டார். சீசரின் நண்பர், சடங்குக்காக வந்தவர். சீசரைக் கடுமையாகப் பேசிய கொர்னீலியஸ் சின்னா வேறொருவர். பெயர் ஒன்றாக இருந்தது, போதாதா? அடித்துக் கொன்று தலையை ஈட்டியில் குத்தி ஊர்வலம் விட்டார்கள். நீ எந்தச் சின்னா என்று நிதானமாகக் கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவன் இல்லை. தொண்ணூறு ஆண்டுக்கு முன் அதே ஊர் மக்கள்தான் பெஞ்சுக் காலோடு வந்தவர்களுக்கு மரியாதையாக ஒதுங்கி நின்றவர்கள் என்பதையும் சேர்த்து நினையுங்கள். இந்த வெறி அவர்கள் பிறவிக் குணமா, மூன்று தலைமுறையாக மேலேயிருந்து கற்றுக்கொடுத்த பாடமா?

வாக்கு போன கதை

உள்நாட்டுப் போர்களில் களைத்துப்போன மக்களுக்கு அகஸ்டஸ் அமைதியைக் கொடுத்தார். விலை இருந்தது. சங்கங்களில் மிகப் பழையவை தவிர மற்றவற்றை சீசரே கலைத்திருந்தார். இனி அரசின் அனுமதி இல்லாமல் சங்கம் வைக்கக் கூடாது என்றாயிற்று. நகரத்துக்குள் நிரந்தரக் காவற்படை வந்தது. கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்து டைபீரியஸ் பேரரசர் ஆனதும், அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்கள் கூட்டத்திலிருந்து செனட்டுக்கு மாற்றப்பட்டது. ஐந்நூறு ஆண்டு உரிமை! மக்கள் ஏதோ வெறுமனே முணுமுணுத்ததோடு சரி என்று டாசிட்டஸ் எழுதுகிறார். காகத்தை விழவைத்த அதே ஊர்த் தொண்டை.

வாக்களிக்க வரும் மக்களுக்காக சீசர் திட்டமிட்ட பளிங்கு மண்டபம் ஒன்று உண்டு. சேப்டா என்று பெயர். முன்பு மரத் தடுப்புகள் கட்டியிருந்த இடத்தில் பிரம்மாண்டமாக எழுப்பி, கி.மு. 26-இல் திறந்தார்கள். வாக்கெடுப்புக்கு வேலை குறைந்துபோனதால் வாள்வீரர் சண்டைக் காட்சி நடத்தினார்கள். அப்புறம் அது கடைவீதியாயிற்று. முதல் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த மார்ஷியல் என்ற கவிஞர் மமுர்ரா என்ற ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். அவன் சேப்டா கடைகளில் நாளெல்லாம் சுற்றுகிறான். விலையுயர்ந்த அடிமைகளை உற்றுப் பார்க்கிறான், யானைத் தந்தச் சாமான்களை இறக்கிக் காட்டச் சொல்கிறான், கட்டிலை நாலு முறை அளக்கிறான், வெண்கலச் சிலையை மோந்து பார்க்கிறான். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் ஒரு செப்புக் காசுக்கு இரண்டு குவளையை வாங்கி, தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறான்.